தும்மினால் பறப்பவன், இரண்டாம் பாகம்

முதல் பாகத்தை நாங்கள் சேர்ந்து பார்த்தோம். கல்யாணமான புதிது. இரண்டு மாத லீவில் வந்த மாப்பிள்ளை, விருந்து தின்றே பாதி லீவைத் தீர்த்துவிட்டிருந்தார். மீதியில் ஒரு நாள், கொட்டாரத்திலிருந்து பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் போய்ப் பார்த்த படம் அது. கதாநாயகன் தும்மினால் பறப்பான், அவ்வளவுதான் கதை. கீழே இறங்க இன்னொரு தும்மல் வர வேண்டும். அது வராமல் தென்னை உச்சியில் தொங்கிக்கொண்டு மூக்கைப் பிசைவான். என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் முன்வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று. ஆனாலும் என்ன சிரிப்பு அது!

அவர் வளைகுடாவில் ஏசி மெக்கானிக். திரும்பிப் போகும்போது விமான நிலைய வாசலில் வைத்து, "ரெண்டாம் பாகம் வந்தா சேந்துதான் பாக்கணும், கேட்டியா" என்றார். அழுதுகொண்டு நின்றவளிடம் சொல்ல அந்த மனிதருக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லை.

இரண்டாம் பாகம் வந்தது. அவர் வரவில்லை. வெயில் காலத்தில் ஏசி மெக்கானிக்குக் கம்பெனி லீவு தராதாம். "தியேட்டர்ல இருந்து தூக்கிருவானுவ. நீ போய்ப் பாத்துட்டு எனக்குக் கதை சொல்லு" என்றார் போனில். எங்களுக்குள் அதுதான் வழக்கம். ஊரில் நடக்கிற கல்யாணம், சாவு, கோயில் கொடை எல்லாமே அவருக்கு நான் சொல்கிற கதைதான்.

மாமியாரைக் கூட்டிக்கொண்டு போனேன். வெளித் தீனியை வாசலில் பிடுங்கிவிடுவார்கள் என்று, முதல் பாகத்துக்குச் செய்த மாதிரியே ஏத்த வாழைக்காய் வற்றலை இரண்டு பொட்டலமாகக் கட்டிக் குடைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அத்தைக்குப் பல் கிடையாது என்பது உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இரண்டாவது பொட்டலம் பிரிக்காமலே மடியில் கிடந்தது.

படத்தில் காசைக் கொட்டியிருக்கிறார்கள். கட்டடம் இடிகிறது, கடல் பிளக்கிறது. தென்னை மரத்தைத்தான் காணவில்லை. பறப்பது அவனுக்குக் கைவந்துவிட்டது. நினைத்த நேரத்தில் தும்முகிறான். அதில் எங்கே இருக்கிறது சிரிப்பு? எனக்கு எரிச்சலாக வந்தது. நடுவில் ஒரே ஒரு காட்சி. எங்கோ வெளிநாட்டில் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருப்பவன் பெண்டாட்டிக்கு வீடியோ கால் போடுகிறான். "மூக்கு ஏன் இப்படிச் சிவந்திருக்கு?" என்று அவள் கேட்கிறாள். தியேட்டரே சிரித்தது. நான் மடியில் கிடந்த பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"பாவம், ஒரு சுக்காப்பி போட்டுக் குடுக்க இவனுக்கு அங்க ஆளில்லியாட்டி?" என்று அத்தை சத்தமாகவே கேட்டார். அதற்கும் சிரித்தார்கள். அத்தை யாரை நினைத்துக் கேட்டார் என்று எனக்குத் தெரியும்.

கடைசியில் வீட்டு முற்றத்தில் வந்து இறங்குகிறான். பெண்டாட்டி ஓடி வருகிறாள். அப்பாடா என்று நான் நிமிர்ந்தால், வானத்தில் ஏதோ சிவப்பு வெளிச்சம், ஒரு தும்மல், ஆள் போயாச்சு. மூன்றாம் பாகம் வருமாம். நாசமாய்ப் போக! வந்தவனை ஒருவேளைச் சோறு தின்ன விட்டார்களா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த டைரக்டரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அந்த வீடியோ காலுக்காக இன்னொரு தடவை பார்க்கலாம் என்றும் இருந்தது.

சாயங்காலம் போன் வந்தது. கதை சொன்னேன். படத்தில் இல்லாத தென்னை மரத்தை நானே நட்டு, அவனை அதில் தொங்கவிட்டேன். அவர் சிரித்தார். அதே சிரிப்பு. அதைக் கேட்கக் கேட்க என் வாயில் கதை வளர்ந்தது.

"கடைசில முற்றத்துல வந்து எறங்குதான். பெஞ்சாதி சுக்காப்பி குடுக்கா. அதக் குடிச்சதும் ஜலதோசம் சரியாப் போச்சு. அதுக்குப் பொறவு தும்மலே கெடையாது. வீட்டோட இருந்துட்டான்" என்று முடித்தேன்.



"அப்படி இல்லியேட்டி. செவப்பா ஒரு வெளிச்சம் வரும். அவன் போயிருவாம்லா?"

ஆள் மாட்டிக்கொண்டார். "எப்பம் பாத்தீங்க?" என்றேன்.

"மொத நாளே. இங்க தியேட்டருக்கு ஒத்தைக்குப் போனேன். சிரிப்பே வரல்ல கேட்டியா. அந்த வீடியோ கால் வந்ததும் எந்திச்சுப் போயிரலாமான்னு இருந்து. நீ சொன்னா சிரிப்பு வரும்னுதான் ஒன்னப் போகச் சொன்னேன்."

சண்டை போடத்தான் நினைத்தேன். ஆனாலும் இந்த மனிதரைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்து, முன்வரிசை திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஒரு தடவை சிரிக்கக் கேட்டால் போதும் என்றிருந்தது.

"மூணாம் பாகம் சேந்து பாப்போம்" என்றார்.

"மூணாம் பாகம் வரவே வேண்டாம் அத்தான். நீங்க வாங்க."

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

"ஜலதோசமா?" என்று கேட்டேன்.

"ஆமாட்டி" என்றார்.