கைக்கு எட்டிய ஒருவன்

எங்கள் சின்ன அக்காவுக்கு நாளெல்லாம் அடிதடி வீடியோ பார்ப்பதுதான் வேலை. எது விளையாட்டு, எது நிஜ அடி என்று அவள் குறித்துக் கொடுத்தால், கணினி அதிலிருந்து கற்றுக்கொள்ளும். முதலில் வாந்தி எடுத்தாள். பிறகு வெட்டுக்குத்தைப் பார்த்தபடியே சாப்பிடப் பழகிவிட்டாள்.

ஒரு மதியம் நேரலையாக ஒன்று வந்தது. கீழே கிடந்தவனை இரண்டு பேர் இரும்புக் கம்பியால் அடிக்க, மூன்றாமவன் சிரித்துக்கொண்டே படம் பிடித்தான். பின்னால் தெரிந்தது அக்காவின் அலுவலக வாசல்.

"சார், நம்ம வாசல்லயே ஆளைக் கொல்றாங்க!"

"குறிச்சிட்டு அடுத்ததுக்குப் போம்மா. போலீஸ் வரும்," என்றார் மேலாளர்.

அக்கா சுவரிலிருந்த தீயணைப்பு உருளையைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கி ஓடினாள். ஒருவன் முகத்தில் வெண்புகையைப் பீய்ச்சி, அவன் தடுமாறியதும் உருளையாலேயே தாடையில் அறைந்தாள். பல் தெறித்தது. மற்றவன் வீசிய கம்பி அவள் முழங்கையை உடைத்தது. அலறிக்கொண்டே அவள் மறுபடி ஓங்க, மூவரும் ஓடிவிட்டார்கள்.

அடிபட்டவனுக்கு ஒரு கண் போனது; உயிர் தங்கியது. வேலை நேரத்தில் எழுந்து போனதற்காக அக்காவை நிறுத்திவிட்டார்கள்.

"ஏன்டி இப்படி உசுரைப் பணயம் வச்சே?" என்று அம்மா அழுதாள்.

"எத்தனையோ பேர் சாகறதைச் சும்மா பார்த்துக்கிட்டு இருந்தேம்மா. இவன் ஒருத்தன்தான் கைக்கு எட்டுற தூரத்துல இருந்தான்."