கரும்பலகை இடம் மாறிய வருஷம்

பிரெஞ்சுக்காரர் காலம். முப்பதுகளில் ஒரு மழைக்காலம். வில்லியனூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். படித்தேன் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன்! மார்க்குப்படிதான் பெஞ்சு, என் இடம் கடைசி. புதுச்சேரி காலேஜில் சேருவதற்கான பரீட்சைக்கு முன்பெஞ்சுப் பிள்ளைகளைத்தான் அனுப்புவார்கள். நாங்களெல்லாம் ஒப்புக்குச் சப்பாணி. "இந்த வருஷமும் உன்ன அனுப்பலன்னா, பேசாம கரும்பு வெட்ட வந்துடு" என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த மழையில் ஓடு ஒழுகி, கரும்பலகை மாட்டியிருந்த சுவர் ஊறிப்போனது. பலகையைக் கழற்றிப் பின்சுவரில் மாட்டினார்கள். நாங்கள் இருந்த இடத்திலேயே திரும்பி உட்கார்ந்தோம். கடைசி பெஞ்சு முதல் பெஞ்சாகிவிட்டது! அந்த வாரம்தான் காரைக்காலிலிருந்து புது வாத்தியார் வந்தார். "முன்பெஞ்சுப் பசங்கதான் கெட்டிக்காரனுங்க, அவனுங்கள நல்லாப் பாத்துக்குங்க" என்று தலைமையாசிரியர் தம் அறையிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்.

முதல் நாளே வாத்தியார் என்னை எழுப்பி ஒரு கணக்கு கேட்டார். திருதிருவென்று விழித்தேன். பழைய வாத்தியாராக இருந்தால் பிரம்பு பேசியிருக்கும். இவரோ, "அவசரமில்ல, யோசிச்சு சொல்லு" என்று சிரித்தபடி நின்றார். தப்பாகச் சொன்னேன். "நான் சொல்லித்தந்த விதம் சரியில்ல போல" என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்! பக்கத்தில் இருந்தவன் என் தொடையைக் கிள்ளினான். "டேய், நம்மள இன்னாவோ பெரிய ஆளுன்னு நெனச்சிக்கினாருடா. கம்முனு இரு."

கம்மென்றுதான் இருந்தோம். ஆனால் அந்த மனுஷர் சலிக்காமல் காத்திருந்ததில், பொங்கலுக்குள் எனக்குக் கணக்கே வந்துவிட்டது. பின்னால் போய்விட்ட கெட்டிக்காரர்கள் கை தூக்கினால், "முதல்ல முன்பெஞ்சு சொல்லட்டும்" என்பார். பாவம், அவர்கள் கொட்டாவி விடப் பழகிவிட்டார்கள்.

பரீட்சைக்கு யார் யாரை அனுப்பலாம் என்று கேட்க வந்த தலைமையாசிரியர், வாத்தியார் சொன்ன பெயர்களைக் கேட்டு ஆடிப்போனார். "இன்னாங்க இது! இவனுங்க கடைசி பெஞ்சு மக்குங்க!" போச்சு, இனி கரும்பு வெட்டத்தான் என்று நினைத்தேன். வாத்தியார் எங்களை ஒருதரம் பார்த்தார். "அப்ப, இத்தன நாளா கணக்குப் போட்டது யாருங்க?" என்றார். வகுப்பே சிரித்துவிட்டது. பிறகு பின்பக்கம் திரும்பி, "உங்களத்தான் பசங்களா கவனிக்காம விட்டுட்டேன். இன்னும் நாள் இருக்கு, வாங்க" என்று அவர்களையும் அழைத்து உட்காரவைத்தார். அந்த வருஷம் எல்லோருமே பரீட்சைக்குப் போனோம்.

தேறியவர்களில் கடைசிப் பெயர் என்னுடையது. அப்பா அதை ஊர் முழுக்கச் சொன்னார், கடைசி என்பதை மட்டும் விட்டுவிட்டு.

இன்றும் ஒரு பிள்ளையை மக்கு என்று யாராவது சொன்னால், "அவன் பதில் சொல்ல நீங்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள்?" என்று கேட்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.