பிளக் அக்காவும் அடிபடாத எண்ணும்

அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் பிளக் அக்கா. கம்ப்யூட்டர் வட்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் மென்பொருளை எழுதுவது அவள் பிழைப்பு. சோதிக்கிறேன் பேர்வழி என்று, ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டரின் பிளக்கைச் சுவரிலிருந்து வெடுக்கென்று பிடுங்கிவிடுவாள். அவள் குனிந்தாலே பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் வேலையை அவசர அவசரமாகச் சேமிப்பார்கள்.

வீட்டிலும் இதே லட்சணம்தான். சண்டை ஓய்ந்து, "அதெல்லாம் மறந்துட்டேன்" என்று கணவன் சொன்னால், "வாயால மறந்தீங்களா, மனசாலயுமா?" என்று குடைவாள். அந்த மனிதர் துணி காயப்போடப் போய்விடுவார்.

கொஞ்ச நாளாக அவளை ஒரு பட்டியல் அரித்துக்கொண்டிருந்தது. திறந்திருக்கும் கோப்பை அழித்தால் அது உடனே சாகாது; மூடும்வரை உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் எண் உண்டு; அப்படிச் சாகக் காத்திருப்பவற்றின் எண்களை நினைவகத்தில் ஒரு பட்டியலாகவும் வட்டில் இன்னொரு பட்டியலாகவும் வைப்பார்கள். நடுவில் மின்சாரம் போனால் நினைவகம் துடைபட்டுவிடும். மறுபடி எழும் கம்ப்யூட்டர் வட்டுப் பட்டியலைப் பார்த்து மிச்சம் மீதியை அடக்கம் செய்யும். கோப்பு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் இரண்டு பட்டியலிலும் எண்ணை அடிக்க வேண்டும். புதிய பதிப்பில், இரண்டு கோப்புகளைச் சேர்த்து மூடினால் சில சமயம் வட்டில் மட்டும் ஓர் எண் அடிபடாமல் தங்கிவிடுகிறது என்பது அவள் சந்தேகம். செத்ததன் எண்ணை அடுத்துப் பிறக்கும் கோப்புக்குக் கொடுத்துவிடுவார்கள். அதன்பின் மின்சாரம் போனால், பச்சைக்குழந்தைக்கு அல்லவா அடக்கம் நடக்கும்!

மேலாளர் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று மதியம் புதிய பதிப்பின் வெளியீட்டுக் கூட்டம். "நம்ம சரக்கை நாமளே நம்பலேன்னா எப்படி?" என்ற வீம்பில், தன் உரையைச் சோதனைக் கம்ப்யூட்டரிலேயே தட்டிக்கொண்டிருந்தார். வேறெங்கும் பிரதி வைக்கவில்லை.

"ஏம்மா, நல்ல நாளும் அதுவுமா இழவுப் பேச்சு? நாளையிலேர்ந்து நீ புரோகிராம் எழுத வேணாம், கையேடு எழுது. கூட்டத்துலயே சொல்லப்போறேன். உரையில சேர்த்தாச்சு."

அது அவள் பெற்று வளர்த்த மென்பொருள்.

"சரி சார். ஒரே ஒரு தடவை நீங்களே பிடுங்கிப் பாருங்க. ஒண்ணும் ஆகலேன்னா வாயைத் திறக்க மாட்டேன்."

மேலாளர் சிரித்தார். அவளை நக்கலடிக்க, அவள் சந்தேகப்பட்டபடியே செய்தார். திறந்திருந்த தன் பழைய உரைகள் இரண்டை அழித்து, இரண்டையும் சேர்த்து மூடினார். அதுவரை சேமிக்காமலே தட்டிக்கொண்டிருந்த புதிய உரையை முதல் தடவையாகச் சேமித்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினார். பத்து தடவை செய்தால் ஒரு தடவைகூட நடக்காமல் போகலாம் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

கம்ப்யூட்டர் எழுந்தது. மேலாளர் தேடினார். மறுபடி தேடினார்.

"என் உரை எங்கம்மா?"

"அடக்கம் பண்ணிடுச்சு சார். பழசோட எண் அதுக்குப் போயிருக்கு."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. வெளியீட்டைத் தள்ளிவைக்கத் தலையாட்டினார். ஆனால் ஆட்கள் வந்து உட்கார்ந்தாயிற்று, கையில் ஒரு வரி இல்லை. "காப்பி கீப்பி ஏதாவது வச்சிருக்கியா?" என்று குரலைத் தாழ்த்தினார். அவள் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து நீட்டினாள்.

"புதுசு இல்ல சார். பழசுல ஒண்ணுதான் இருக்கு."

அதைத்தான் மேடையில் வாசித்தார். கையேட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. "எங்க பிளக் அக்கா இல்லேன்னா இந்த மென்பொருளே இல்லை" என்ற வரி வந்தபோது நாக்கு ஒரு நொடி தடுக்கியது. அதற்குள் கூட்டம் கைதட்டிவிட்டது. வேறு வழியில்லாமல் அவரும் தட்டினார்.

இறங்கி வந்ததும் கேட்டார்: "சோதனைக்கு முன்னாடி எடுத்த காப்பியா அது?"

"இல்ல சார். நீங்க என்னைப் புகழ்ந்து எழுதின அன்னைக்கே எடுத்துட்டேன்."