தபால்காரக் கழுதை பேசிய மொழி

கழுதை ஒன்று தபால் பையைச் சுமந்துகொண்டு பனிமலையில் ஏறிக்கொண்டிருக்கும். பை ஒரு பக்கமாகச் சரியும். கழுதை நின்று, உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு மறுபடி நடக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியில் அது தலைகாட்டியதும், தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் அத்தை, பாதி தைத்த ஜாக்கெட்டை ஊசியிலேயே விட்டுவிட்டு எழுந்து வருவாள். எனக்கும் தம்பிக்கும் நடுவில் இடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்து, என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டுவாள். கதையைத் தொடங்கப் போகிறாள் என்று அர்த்தம்.

அப்போது நாங்கள் கடலூருக்குப் பக்கத்தில் குடிகாட்டில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அத்தை அப்பாவின் தங்கை. சிறு வயதில் வந்த காய்ச்சலில் அவளுக்கு இரண்டு காதும் போய்விட்டன. அதற்கு முன்பே பேசப் பழகியிருந்ததால் பேச்சு தங்கிவிட்டது. ஆனால் ஏற்ற இறக்கம் இல்லாத, கொஞ்சம் உரத்த பேச்சு. எதிரில் நின்று நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வாள். டிவியில் பேசுகிறவர்கள் யாருக்காகவும் நிதானிப்பதில்லை. தமிழ்ப் படம் போடும் மாலைகளில் அக்கம்பக்கத்தார் எல்லாம் எங்கள் கூடத்தில் இருப்பார்கள். எல்லோரும் சிரிக்கும்போது அத்தை அம்மாவின் தோளைத் தொட்டு, “என்னா சொன்னான்?” என்பாள். “இரு, அப்புறமா சொல்றேன்” என்பாள் அம்மா. அந்த அப்புறம் ஒருநாளும் வந்ததில்லை. போகப் போக அத்தை கேட்பதை விட்டுவிட்டாள். எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்து, நாங்கள் சிரித்தால் தானும் சிரிப்பாள்.

கழுதையின் கதை வேறு. அது இந்தியில் பேசியது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. அந்த அரை மணி நேரம் வீட்டில் எல்லோருக்குமே காது கேட்காது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த நிலையில் பலகாலம் வாழ்ந்து பழகியவள் அத்தை ஒருத்திதான். கண்ணையும் தோளையும் நடையையும் பார்த்து அவள் சொல்லச் சொல்ல, நாங்கள் கேட்டுக்கொண்டிருப்போம். “அந்தக் குண்டு வாத்து இருக்கா பாரு, அவளுக்கு எல்லாம் தெரியும்டி. கழுதையோட அண்ணன் மலைக்கு அந்தாண்ட போயிட்டான். எங்க இருக்கான்னு இவளுக்குத் தெரியும். சொல்ல மாட்டேங்குறா.” ஒவ்வொரு வாரமும் கழுதை கதவு கதவாகத் தட்டித் தபாலை நீட்டும்போது, அது உள்ளே எட்டிப் பார்ப்பது அண்ணனுக்காகத்தான் என்று எங்களுக்குத் தெரியும். தம்பி ஒருமுறை அழுதேவிட்டான். வேலை முடிந்து வந்து பக்கத்தில் படுத்திருக்கும் அப்பா கண்ணை மூடியபடியே, “அண்ணன் கெடச்சானா இல்லையா?” என்று கேட்பார்.

நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் தெருவுக்குக் கேபிள் வந்தது. கொஞ்ச காலத்தில் கார்ட்டூன்களும் தமிழ் பேச ஆரம்பித்தன. எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். எலியும் கரடியும் எங்கள் பள்ளிக்கூடப் பையன்களைப் போலக் கிண்டல் அடித்தன. அத்தை எங்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள். என் முழங்காலைத் தட்டிவிட்டு, “அவன் இப்ப என்னா நெனக்கிறான்னா...” என்று ஆரம்பித்தாள். “அத்தை, அதான் சொல்றானே” என்றான் தம்பி. அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அது சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அவள் அடுத்த வாரமும் வந்தாள். அதற்கடுத்த வாரம் மெஷின் ஓடும் சத்தம் நிற்கவில்லை. அந்தச் சத்தம் வசனத்தைக் கெடுக்கிறது என்று அம்மா டிவியின் ஒலியைக் கூட்டினாள். அத்தைக்கு அதுவும் தெரிந்திருக்காது.

சில வருடங்களில் அவள் சிதம்பரத்துக்குப் போய்விட்டாள். கீழ வீதிக்குப் பக்கத்தில் உறவுக்காரர் வீட்டு மாடியில் ஒரு அறை, கீழே தையல். “இங்க என்னா கொறச்சல்?” என்று அம்மா கேட்டதற்கு, “கொறச்சல் ஒண்ணும் இல்ல அண்ணி. அங்க கோயிலுக்கு வர்ற சனம் ஜாஸ்தி. பாத்துக்கிட்டே இருக்கலாம்” என்றாள். பஸ்ஸில் ஏறும்போது எங்களைத் திரும்பிப் பார்த்துக் கையசைத்தது நினைவிருக்கிறது. நாங்கள் ஏதோ கத்தினோம்.

இன்று என் பிழைப்பே கார்ட்டூன்தான். வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுகிறேன். வாயசைவுக்குள் வார்த்தை அடங்க வேண்டும், சிரிப்பும் வர வேண்டும். கடலூரில் தனியாக ஒரு வாடகை வீட்டில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க எழுதுவேன். சில நாட்களில் வாயைத் திறந்து யாரோடும் பேசவில்லை என்பது சாயங்காலம்தான் உறைக்கும். கூட வேலை பார்க்கும் பெண் ஒருமுறை போனில், “அக்கா, இந்த மாதிரி கார்ட்டூன்லாம் உங்க சின்ன வயசுல வந்திருந்தா எப்பிடி இருந்திருக்கும்?” என்று கேட்டாள். பிள்ளைகள் பைத்தியமாக அலைந்திருப்பார்கள் என்று சொல்லி வைத்தேன். எங்கள் கூடத்தில் மட்டும் அது வேறு மாதிரி ஆகியிருக்கும். கார்ட்டூன் முதல் நாளிலிருந்தே தமிழ் பேசியிருந்தால், அத்தை எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்திருக்கவே மாட்டாள். அவளுக்குக் கதை சொல்லத் தெரியும் என்பதே எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும்.

ஒரு நாள் அந்தப் பழைய கழுதைத் தொடரே எனக்கு வேலையாக வந்தது. வசனத்தின் மொழிபெயர்ப்பைப் படித்தபோதுதான் தெரிந்தது, கழுதைக்கு அண்ணனே கிடையாது. அது ஒரு மறதிக்காரக் கழுதை. வீடு தெரியாமல்தான் கதவு கதவாக எட்டிப் பார்க்கிறது. வாத்து அதன் மேலதிகாரி. தாமதமாக வருவதற்குத் திட்டுகிறாள், அவ்வளவுதான். அந்த வாரமே லேப்டாப்பை எடுத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன்.

அத்தைக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது. மெஷின் மேல் துணி போட்டு மூடியிருந்தாள். கண் முன்போல இல்லை என்றாள். முதலில் நான் அப்போது எழுதிக்கொண்டிருந்த தொடரை அவளுக்குக் காட்ட ஆசைப்பட்டேன். விண்கலத்தில் குடியிருக்கும் மூன்று தவளைகள். அதில் இரண்டு வாய் ஓயாமல் பேசும். இரண்டாவது தவளை அடிக்கும் ஒரு ஜோக்குக்கு, நானே எழுதியது என்றாலும், சிரித்துவிட்டேன். அத்தையும் சிரித்தாள். திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிறுத்தியதும் அவளும் நிறுத்தினாள்.

லேப்டாப்பை மூடினேன். “ஏன்டி மூடிட்ட? நல்லாத்தான இருந்துது” என்றாள்.

பிறகு கழுதையின் கதையைச் சொன்னேன். அண்ணன் இல்லை, மறதிதான் என்று உதடு தெரிய மெதுவாகச் சொன்னேன்.

“தெரியும்டி. எனக்கும் அப்ப ஒண்ணும் புரியல. எதாச்சும் சொன்னா நீங்கல்லாம் என் பக்கம் திரும்புவீங்க. அதுக்குத்தான் சொன்னேன்.”

தலையைக் குனிந்துகொண்டேன். ஏதாவது சொல்லியிருந்தாலும் என் உதட்டை அவளால் சரியாகப் பார்த்திருக்க முடியாது. பிறகு லேப்டாப்பைத் திறந்து, ஒலியைச் சுத்தமாக நிறுத்தி, அவள் பக்கம் திருப்பிவைத்து அவள் முழங்காலைத் தட்டினேன். அவள் புரிந்துகொண்டாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரைக்கு நெருங்கி உட்கார்ந்தாள்.

“இந்த ரெண்டும் விடாம பேசுதுங்க பாரு. சும்மா இல்ல. மூணாவது இருக்கானே, அவனுக்கு ஊருக்குப் போவணும். ஆனா வாய வுட்டுச் சொல்ல மாட்டான். கொஞ்சம் பேச்ச நிறுத்துனா சொல்லிடுவானோன்னு இதுங்களுக்குப் பயம்.”

படம் முடியும்வரை சொன்னாள். அந்தத் தவளைகளின் ஒவ்வொரு சொல்லையும் எழுதியவள் நான். அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறு வருடம் ஆனித் திருமஞ்சனம் முடிந்த சில நாட்களில் அவள் தூக்கத்திலேயே போய்விட்டாள். தவளைகள் இப்போது தினமும் காலையில் டிவியில் வருகின்றன. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என் ஜோக்குகளுக்குச் சிரிப்பது சுவரைத் தாண்டிக் கேட்கும். மூன்றாவது தவளைக்கு ஊருக்குப் போக வேண்டும் என்பது இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.