லாரியில் ஏறாதவன்

1. டீ வேலை

சிறப்புப் படைக்கு ஆள் எடுக்கும் ப்ரொபேஷன் முகாமுக்குப் பயிற்சி கொடுக்கப் போன எனக்கு முதல் நாள் கொடுத்த வேலை டீ ஊற்றுவது. ஹவில்தாராகி, பனியிலும் பாலையிலும் நின்று வந்தவனுக்கு டீ வேலையா என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். சுபேதார் சிரித்தார். "இங்கே இருக்கிறதிலேயே கொடூரமான வேலை அதுதான்" என்று இந்தியில் சொன்னார்.

ஓய்வு பெற்றபின் ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறேன். காலையில் பாலாற்று மணலில் ராணுவத் தேர்வுக்கு ஓடுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கமாண்டோ என்றதும் நீங்கள் கயிற்றில் தொங்குவதை நினைக்கிறீர்கள். அதெல்லாம் அப்புறம். ப்ரொபேஷனில் யாரும் எதையும் கற்றுக்கொடுப்பதில்லை, வந்தவனைத் திருப்பி அனுப்பத்தான் பார்ப்பார்கள். பிட்டூ என்கிற முதுகுமூட்டையில் பாரம் ஏற்றி நடக்க விடுவோம். தூங்க விடமாட்டோம். சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்து விசில் அடிப்போம். இவ்வளவையும் தாங்குகிறவர்கள் நிறையப் பேர் உண்டு.

அதற்கு மேல்தான் டீ. நாக்குத் தள்ளி நடந்து வருகிறவன் பாதையில், ஒரு மரத்தடியில் நான் அடுப்பு மூட்டியிருப்பேன். சூடாகப் பூரி இருக்கும். பக்கத்தில் லாரி நிற்கும். அவனை நான் திட்டவே மாட்டேன். தமிழ் ஆளாக இருந்தால், "உக்காருப்பா, போதும். நல்லாத்தான் பண்ண. இதுல அவமானம் இன்னா இருக்குது?" என்பேன். லாரிப் படியில் கால் வைத்தால் கதை முடிந்தது, மறுநாள் பழைய யூனிட்டுக்கு ரயில். திட்டினால் கோபம் வருகிறது, அந்தக் கோபத்திலேயே மனிதன் இன்னும் கொஞ்ச தூரம் நடந்துவிடுகிறான். அன்பாக நாலு வார்த்தை பேசினால் முட்டி மடங்கிவிடுகிறது. இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனிதர்கள் மேலேயே ஒரு சலிப்பு வந்திருந்தது.

2. மலையாளி நாயக்

ஒரு பேட்ச்சில் ஒரு மலையாளி நாயக் இருந்தான், பதவியில் எனக்கு ஒரு படி கீழே. பூரிக்கும் அசையவில்லை, டீக்கும் அசையவில்லை. எங்களில் ஒருவர் அவனிடம் போய், "உன் பெண்டாட்டி போன் செய்தாள். குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம்" என்று சொன்னார். பிட்டூவைக் கழற்றிப் போட்டுவிட்டு லாரியில் ஏறினான். ஆபீசுக்கு வந்து, பூட்டி வைத்திருந்த தன் போனை வாங்கிப் பேசினான். குழந்தை பள்ளிக்கூடம் போயிருக்கிறது என்றாள் மனைவி. அவன் தன் டிரங்க் பெட்டி மேல் உட்கார்ந்து முதலில் சிரித்தான், பிறகு அழுதான்.

விஷயம் பேட்ச் முழுக்கப் பரவிவிட்டது. இது ஜாஸ்தி என்று சுபேதாரிடம் சொன்னேன். "எதிரி கையில் மாட்டினால் இதைவிடப் பெரிய பொய்யெல்லாம் சொல்லுவான். அன்றைக்கு யார் மேல் புகார் கொடுப்பாய்?" என்று கேட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் அடுப்பைப் பற்ற வைக்கப் போனேன்.

3. கங்காதரன்

அதே பேட்ச்சில் இருந்த கங்காதரன் குடியாத்தத்துக்காரன். அப்பா விசைத்தறியில் லுங்கி நெய்கிறவர். வீட்டுக்கு ஒரே மகன், கட்டிக்கொடுத்த தங்கை ஒருத்தி. முன்பே ஒருமுறை ப்ரொபேஷனில் பாதியில் திரும்பியவன். இதுதான் அவனுக்குக் கடைசி வாய்ப்பு. பல நாள் நீளும் கடைசி நடைக்குக் கிளம்பும்போதே குதிகால் தோல் உரிந்து சாக்ஸோடு ஒட்டியிருந்தது. நடைப்பாதை முழுக்கக் காடு, எங்குமே சிக்னல் கிடையாது.

நடை தொடங்கிய மறுநாள், மத்தியானம், முகாமிலிருந்து வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. கங்காதரனின் அப்பாவுக்கு மாரடைப்பு, வேலூரில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், நினைவு இருக்கிறது, மகனைக் கேட்கிறார். "உன் ஊர்ப்பக்கத்து ஆள். நீயே சொல்லி ஏற்றி அனுப்பு" என்றார் சுபேதார்.

அவன் மரத்தடிக்கு வந்து சேர்ந்ததும் ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன்.

"கங்கா, உங்கப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல. வேலூர்ல சேத்துருக்காங்க. ஒன் தங்கச்சி போன் பண்ணிச்சு. மூட்டைய போட்டுட்டு ஏறு."

வெடித்த உதட்டோடு சிரித்தான். "அன்னிக்கு நாயக்குக்குக் கொழந்த, இன்னைக்கு எனக்கு அப்பாவா அண்ணே?"

"டேய், இது நெஜம்டா. எங்கம்மா மேல சத்தியம்."

"சத்தியம் பண்றதும் உங்க ட்யூட்டிதான? எங்கப்பா தறிய நிறுத்திட்டுக் காய்ச்சலுக்குக்கூடப் படுக்க மாட்டாரு. பேஜார் பண்ணாதீங்கண்ணே, கால் சூடு ஆறிட்டா அப்புறம் நடக்க முடியாது."

"ஆபீசுக்கு வா, போன் போட்டுத் தரேன். நீயே பேசு."

"அதுக்கு லாரில ஏறணுமே" என்றான். நான் வயர்லெஸ்ஸில் சுபேதாரைக் கூப்பிட்டேன்.

ஜீப்பை விரட்டிக்கொண்டு சுபேதாரே வந்தார், அதையே இந்தியில் சொன்னார். காரியம் இன்னும் கெட்டது. சுபேதாரே வந்து நடிக்கிறார் என்றால் தான் தேறும் நிலையில் இருக்கிறோம் என்று அவன் முடிவு கட்டிவிட்டான். விறைப்பாக நின்று, "நான் நடக்கிறேன் சாப்" என்றான். இரண்டு ஜவான்களை விட்டுத் தூக்கி ஏற்றலாமா என்று கேட்டேன். தன் வாயால் போதும் என்று சொல்லாதவனை இந்தப் படையில் யாரும் தூக்கி ஏற்றியது கிடையாது என்றார் சுபேதார். அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது. கங்காதரன் நொண்டிக்கொண்டே மரங்களுக்குள் போய்விட்டான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது வந்த அழுகை எனக்கு அதற்கு முன் எந்தச் சண்டையிலும் வந்ததில்லை.

அப்பா இன்னும் இரண்டு நாள் உயிரோடு இருந்தார். கங்காதரன் அன்று ஏறியிருந்தால் விமானத்தைப் பிடித்துப் போய்ப் பார்த்திருப்பான். நடையை முடித்து முகாமுக்கு வந்தவனிடம் முதல் வேலையாகப் போனைக் கொடுத்தேன். தங்கைதான் பேசினாள். ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு அவனுக்காகக் காத்திருந்தார்கள். கேட்டுக்கொண்டே இருந்தவன், "எடுத்துடுங்க. எனக்காக வெக்காதீங்க" என்று மட்டும் சொன்னான். எத்தனையோ நாள் சுமந்த பிட்டூ அப்போதும் அவன் முதுகில்தான் இருந்தது, நான்தான் கழற்றினேன்.

4. குடியாத்தம்

அவனைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் லீவு போட்டுக் கூடப் போனேன். வீட்டில் தறிகள் நின்றிருந்தன. மருமகன்தான் கொள்ளி வைத்தாராம்.

அவன் அம்மா என்னைப் பார்த்து, "லீவு குடுக்க மாட்டோம்னுட்டாங்களாப்பா?" என்று கேட்டார். "ரெண்டு நாளும் அவரு கண்ணு வாசப்பக்கமே இருந்துச்சு."

கங்காதரன்தான் பதில் சொன்னான். "இவரு சொன்னாரும்மா. வண்டியக்கூட நிறுத்தி வெச்சாரு. நான்தான் பொய்னு நெனச்சேன்."

"சாவு விஷயத்துல யாருப்பா பொய் சொல்லுவாங்க?"

அந்த அம்மா கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். பயிற்சி, எதிரி என்று சுபேதார் சொன்ன நியாயங்களை எடுத்துச் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் அது எடுபடாது.

கங்காதரன் தேறிவிட்டான். இன்றும் அந்தப் படையில்தான் இருக்கிறான், நல்ல பெயர். வைராக்கியம் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அவனைத்தான் சொல்வேன். விடாப்பிடியாக நிற்கிறவன் ஊர் சொல்வதற்கெல்லாம் காதை மூடிக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அவன் நம்புவதற்கு ஒரு வாயாவது மிச்சம் இருக்க வேண்டும். நாங்கள் அவனுக்கு ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

அதனால், நான் உங்களை மணலில் ஓட விடுவேன், கண்டபடி திட்டுவேன், உனக்கெல்லாம் எதற்கு ராணுவம் என்று கேட்பேன். அதையெல்லாம் நீங்கள் நம்ப வேண்டாம். உங்கள் வீட்டைப் பற்றி மட்டும் ஒரு பொய்கூடச் சொல்ல மாட்டேன். என்றைக்காவது ஒருநாள் நான் வந்து, வீட்டுக்குக் கிளம்பு என்று சொல்ல நேரலாம். அன்றைக்கு என்னிடம் ஒன்றும் கேட்காமல், மூட்டையை மணலிலேயே போட்டுவிட்டு நீங்கள் ஓட வேண்டும்.