கால் விரலில் கட்டிய தூளிக் கயிறு

மகள் பிறந்து எட்டு மாதம் கழித்து எனக்கு வந்த முதல் அழைப்பு, ஆம்பூரில் ஒரு சர்ச் கல்யாணம். மணப்பெண் உள்ளே நடந்துவரும்போது நான் தனியாக வயலின் வாசிக்க வேண்டும். சொதப்பினால், சர்ச் பாடகர் குழுவை நடத்தும் கொயர் மாஸ்டர் இனிமேல் கூப்பிட மாட்டார்.

நான் எல்லாம் வாசிப்பவள். சின்ன வயதில் வேலூரில், தரையில் உட்கார்ந்து, வயலினின் தலையை வலது பாதத்தில் வைத்துக் கர்நாடக சங்கீதம் கற்றேன். கல்லூரியில் படிக்கும்போது, நின்றபடி தாடைக்கடியில் வைத்து வாசிக்கும் மேற்கத்திய முறையிலும் தேறினேன். சோளிங்கரில் கச்சேரி, மண்டபங்களில் மெல்லிசை, அரக்கோணம் வழியாக ரயிலேறிச் சென்னையில் ஒலிப்பதிவு என்று எதற்கும் போவேன். உண்மையில் எதற்கு லாயக்கு என்ற சந்தேகமும் கூடவே வரும்.

முதல் ஒத்திகையிலேயே கொயர் மாஸ்டர் கையைத் தூக்கினார்.

"சிஸ்டர், இன்னா இது? நோட்ட தாலாட்டுறீங்க?"

"ராகம் உள்ள பூந்துடுச்சு மாஸ்டர்" என்று கொயரிலிருந்து ஒரு பெண் சிரித்தாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். நின்றபடியே மறுபடி வாசித்துப் பார்த்தேன். ராகம் நுழைந்தால் சுரத்தை அசைக்க வேண்டிய இடதுகை விரல் அசையவில்லை. ஆனாலும் நீளமான அந்தச் சுரம் பெருத்தது, மெலிந்தது, மறுபடி பெருத்தது. வில்லின் அழுத்தம் தானாக ஏறி இறங்கியது. ஏன்?

"சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணிடுங்க. இல்லன்னா கீபோர்டுல பாத்துக்கிறேன்" என்றார் அவர்.

மறுநாள் வீட்டில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தேன். ஷூ கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்த கணவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"அந்தத் தூளிய பாரு."

"அழறாளா?"

"இல்ல. தூளி அப்பால போனா உன் சத்தம் ஜாஸ்தி ஆவுது. இப்பால வந்தா கம்மி ஆவுது."

தூளிக் கயிறு என் வலது கால் கட்டைவிரலில் கட்டியிருந்தது. குழந்தையும் தூங்க வேண்டும், பயிற்சியும் நடக்க வேண்டும் என்று நான் செய்த ஏற்பாடு. அதே பாதத்தில்தான் வயலினின் தலையும் இருந்தது. எட்டு மாதமாகப் பாதம் அசைய, வயலின் அசைய, வில்லும் அதற்கேற்ப அழுத்தப் பழகிவிட்டது.

கயிற்றை அவிழ்த்து, எழுந்து நின்று வாசித்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"அடிப்பாவி, கயிறே இல்லாம ஆட்டுற!"

கட்டைவிரல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உடம்பின் பாரத்தை எல்லாம் வலது காலில் இறக்கினேன். சுரம் நேரானது. தூளி நின்றதும் மகள் அழ ஆரம்பித்தாள். அழவிட்டு வாசிப்பது சரியா என்று வில்லை இறக்கினேன்.

"நான் ஆட்டுறேன், நீ வாசி" என்று அவர் கயிற்றை எடுத்தார்.

சனிக்கிழமை கல்யாணத்தில், மணப்பெண் பாதி வழி வந்திருப்பாள். கடைசி பெஞ்சில் கணவர் மடியில் இருந்த என் மகள் சிணுங்கினாள். செருப்புக்குள் விரல் எழும்பியது. காலை அழுத்தி ஊன்றினேன். சுரம் ஆடவில்லை.

"கிறிஸ்மஸுக்கு வந்துடுங்க சிஸ்டர்" என்றார் கொயர் மாஸ்டர்.

அடுத்த மாதம் சோளிங்கரில் கச்சேரி. அங்கே உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும், காலை ஊன்ற வழியில்லை. அந்த விரல் என்ன செய்யும் என்று இப்போதே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.