ஆறு நாவலும் படித்த மாப்பிள்ளை

இசைப்பிரியாவுக்குக் கிறுக்கர்கள் என்றால் உயிர். மாத நாவல் எழுதுகிறவர்கள் எல்லாம் கம்பெனி முதலாளியையும் கோபக்கார டாக்டரையும் நாயகனாக்கிக்கொண்டிருக்க, இவள் மட்டும் கொக்கு எண்ணுகிறவனையும், தீப்பெட்டிப் படம் சேர்க்கிறவனையும், தனக்குத்தானே செஸ் ஆடித் தோற்றுவிட்டு முகத்தைத் தொங்கப் போடுகிறவனையும் பிடித்துக்கொண்டு வருவாள். அவர்களைக் காதலில் தள்ளிவிட்டு வேடிக்கை பார்ப்பதில் அப்படியொரு குஷி. பகலில் நெய்வேலிப் பள்ளிக்கூடம் ஒன்றில் கம்ப்யூட்டர் டீச்சர். சாயங்காலம் அப்பாவின் குவார்ட்டர்ஸில், வாஷிங் மெஷின் சத்தத்துக்கு நடுவில் எழுத்தாளர். 2014க்குள் ஆறு நாவல்கள் வந்துவிட்டன.

ஆறிலும் கடைசி அத்தியாயம் ஒன்றுதான். நாயகன் தன் கிறுக்கையெல்லாம் மூட்டை கட்டி வீசிவிட்டு நாயகியின் கையைப் பிடிப்பான். சென்னையில் இருந்த பதிப்பாசிரியர் அப்படித்தான் கேட்டார்; இவளும் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தாள்.

அந்த வருஷம் பெண் பார்க்க வந்தவர்களில் மூன்று பேரை வேண்டாம் என்றாள். நாலாவதாக வந்த கலைச்செல்வன் மைன்ஸில் எலெக்ட்ரீஷியன், பர்மனென்ட். பொழுதுபோக்கு என்ன என்று கேட்டதும் மனிதர் தன்னையே மறந்தார். ரேடியோவைத் திருகித் திருகித் தூர தேசத்து நிலையங்களைப் பிடிப்பாராம். 'உங்கள் ஒலிபரப்பு இங்கே இப்படிக் கேட்டது' என்று எழுதிப் போட்டால் அவர்கள் படம் போட்ட அட்டை அனுப்புவார்களாம். முந்நூற்றுப் பன்னிரண்டு அட்டை சேர்ந்திருக்கிறதாம். பஜ்ஜி ஆறிப்போனது.

அம்மா சின்னம்மாள் மகளை உள்ளே கூப்பிட்டு, "என்னாடி இது, நிறுத்தாம பேசிக்கினே இருக்காரு?" என்றாள்.

"இவரயே முடிச்சிடும்மா."

தையில் கல்யாணம் என்று முடிவானது. இரண்டு வாரம் கழித்து, பர்ஸ்ட் ஷிப்ட் முடிந்த கையோடு கலைச்செல்வன் வந்து நின்றார். முகமெல்லாம் பெருமை.

"ஆறு நாவலும் படிச்சிட்டேங்க. உங்க மனசு புரிஞ்சிபோச்சி. ரேடியோ, அட்ட எல்லாத்தையும் நேத்து மந்தாரக்குப்பத்துல பழைய பேப்பர் கடைல போட்டுட்டேன்."

இசைப்பிரியா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தே விட்டாள். "யாருங்க உங்கள போடச் சொன்னது?"

"நீங்கதாங்க. அந்த ஆறு பேரும் ஒழுங்கா வுட்டுட்டாங்க இல்ல?"

"அது புஸ்தகம் விக்கறதுக்கு எழுதனதுங்க! நான் ஒத்துக்கினதே அந்த ரேடியோவுக்காகத்தான்."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அப்ப எனக்காக இல்லீங்களா?" என்று கேட்டார் கலைச்செல்வன், பாவம்.

"ரேடியோவப் பத்திப் பேசன உங்களுக்காகங்க."

நிஜமாகவே பயந்துபோனாள். ஆறு பேரை அவளே இப்படித் திருத்தி, ஒன்றுக்கும் உதவாத நல்லவர்களாக்கி அனுப்பியிருக்கிறாள். இப்போது சொந்த மாப்பிள்ளையும் அந்த வரிசையில் போய் நிற்கிறார். இந்தத் திருந்திய மனிதரோடு ஆயுசு முழுக்க எதைப் பேசுவது?

அவர் பைக்கிலேயே இருவரும் கிளம்பினார்கள். கடைக்காரர் கொளஞ்சிநாதன் கையை விரித்தார். "ரேடியோவ ஒடச்சி கம்பி எடுத்துட்டோம்மா. அட்ட அந்த மூட்டைல கெடக்கும், தேடிக்கோங்க."

மூட்டையைக் கொட்டி, தூசியில் தும்மித் தும்மித் தேடினாள். இருநூறுக்கு மேல் கிடைத்தது. திரும்பிப் பார்த்தால் கலைச்செல்வனைக் காணோம். இரும்புக் குவியலுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எதிரில் தொலைக்காட்சிப் பெட்டி அளவுக்கு ஒரு பழைய மர ரேடியோ. அவள் மூன்று முறை கூப்பிட்டாள். காதில் விழவில்லை. நாலாவது முறை தோளைத் தொட்டதும்தான், "இது வால்வு செட்டுங்க! உள்ள வால்வு எல்லாம் அப்படியே இருக்குதுங்க!" என்று கத்தினார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வரும்போது அந்த ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். தொடை கடுத்தது. முதல் வேகத்தடை வந்ததும் வண்டியை மெதுவாக்கி, "பாத்துங்க, பாத்து, அடிபட்டுடப்போவுது" என்றார் கலைச்செல்வன்.

"எனக்கு ஒண்ணும் ஆவலீங்க" என்றாள் அவள், வெட்கத்தோடு.

"உங்கள இல்லீங்க. வால்வுங்க, கண்ணாடி."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, கண்ணாடி அசையாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.